துணியைத் திருப்பிப் பார்க்கிற ஆள்

பனியன் கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பி உள்பக்கத்தைத்தான் பார்ப்பான். கல்யாண வீட்டில் யாரோ ஆசையாகக் காட்டிய புடவையின் முந்தானையைப் புரட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். என்ன செய்ய, வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அயர்ன் போட்டு அழகாக வைத்துவிடலாம். பிசிறு, முடிச்சு, விட்டுப்போன தையல், அவசரத்தில் இழுத்துவிட்ட நூல் எல்லாம் உள்ளேதான் கிடக்கும்.

இந்த வியாதியோடுதான் 2016இல் திருப்பூரிலிருந்து ஜோர்டானுக்குப் போனேன். தலைநகர் அம்மானுக்குத் தென்கிழக்கே சஹாப் என்ற இடத்தில் பெரிய தொழிற்பேட்டை இருக்கிறது. அப்போது அமெரிக்காவுக்கு வரியில்லாமல் துணி அனுப்ப முடிந்ததால் அங்கே வரிசையாக ஆயத்த ஆடை ஆலைகள். மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வங்கதேசம், இலங்கை, நேபாளம், இந்தியா. நான் தரக்கட்டுப்பாடு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, அம்மானில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தங்கியிருந்தேன்.

இரண்டாம் மாடியில் ஒரு பாலஸ்தீனப் பாட்டி இருந்தார். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று, எழுபத்து நாலு இருக்கும். குளிர்காலத்தில் மாடிப்படித் திருப்பத்து ஜன்னல் வழியாக இரண்டு மணி நேரம் வெயில் விழும். அந்த வெயிலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மடியில் எப்போதும் ஒரு கறுப்புத் துணி. அதில் சிவப்பு நூல். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. மேலே ஏறும்போது சலாம் சொல்வேன், அவர் தலையாட்டுவார். ஒரு நாள் ‘நில்’ என்று கையைக் காட்டிவிட்டு டீ எடுத்துவர உள்ளே போனார். துணி நாற்காலியின்மேல் இருந்தது. கை சும்மா இருக்குமா? எடுத்துத் திருப்பிவிட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது துணி என் கையில் உள்பக்கம் வெளியே தெரிய இருந்தது. நான் அசடு வழிய நின்றேன். அவர் கோபப்படவில்லை. டீ டம்ளரை நீட்டிக்கொண்டே முகவாயைத் தூக்கி ‘எப்படி?’ என்று கேட்டார். உள்ளே ஒரு முடிச்சுகூட இல்லை. நூல்கள் எல்லாம் ஒரே திசையில் செங்குத்தாக, மழை பெய்வது மாதிரி இறங்கியிருந்தன. ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவிய நூல் எங்கேயும் இல்லை. எனக்குத் தெரிந்த ஆலை அரபியில் “நம்பர் வாஹத்” என்றேன், நம்பர் ஒன். விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய அம்மாவும் இப்படித்தானாம். பெண்ணின் தையலை முன்பக்கம் பார்க்கவே மாட்டாராம்.

அன்று முதல் அவர் எனக்குக் கால்த்தோ. தாயின் சகோதரியை அழைக்கிற சொல், நம் சித்தி, பெரியம்மா மாதிரி. நான் அவருக்கு ‘யா இப்னி’, மகனே. அவருக்கும் எனக்கும் நடுவில் மொழிபெயர்க்கக் கல்லூரி படிக்கும் பேத்தி ஒருத்தி இருந்தாள். அவள் இல்லாத நாட்களில் துணியே போதுமானதாக இருந்தது.

இந்தப் பூத்தையலுக்குத் தத்ரீஸ் என்று பெயர். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே அங்கியாக இறங்கும் உடை தோப். தையல் பெரும்பாலும் நம் பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் பெண் பிள்ளைகள் கர்ச்சீப்பில் போட்டுப் பழகும் அதே கிராஸ் ஸ்டிச்தான், பெருக்கல் குறி. அவர்கள் அதை ‘ஃபல்லாஹி’ என்பார்கள், குடியானவத் தையல். பெயரிலேயே இருக்கிறது, இது கிராமத்துப் பெண்களின் வேலை. யாஃபா, ஜெருசலேம் போன்ற நகரங்களின் வசதியான பெண்கள் துருக்கிய பாணி, பிறகு ஐரோப்பிய பாணி உடுத்தினார்கள். பக்கத்துக் கிராமத்துக்காரி தன் அங்கியில் எண்ணி எண்ணிப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

தோப்பின் கட்டமைப்பைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ஆலைக்காரன் விழித்துக்கொண்டான். நெஞ்சுக்கு வருவது கப்பே. இடுப்பிலிருந்து பக்கவாட்டில் விரிந்து இறங்கும் துண்டுகள் பனாயெக். பின்புறம் கீழே வருவது ஷின்யார். ஒவ்வொன்றும் தனித்தனிப் பேனல். தனித்தனியாகத் தைத்துக் கடைசியில்தான் சேர்ப்பது. மடியில் வைத்துத் தைக்கச் சின்னத் துண்டு சௌகரியம். கிணற்றடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ எடுத்துப் போகலாம். அதைவிட முக்கியம், துணி நைந்துபோனால் பேனலைப் பிரித்து வேறு துணியில் வைக்கலாம். அடர்த்தியாகத் தைத்த இடத்தில் நூலே துணியைத் தாங்குகிறது. துணி போய்விடும், கப்பே இருக்கும்.

கால்த்தோவின் ஊர் பைத் தஜன். யாஃபாவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். 1940களில் நாலாயிரம் பேர்வரை இருந்த, ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். உடையில் கைகாரிகள் என்று அந்த ஊர்ப் பெண்களுக்குப் பெயர். காசு புழங்கிய ஊர் என்பதும் காரணம், நூல் சும்மா வராது. அங்கியின் ஓரத்தில் சைப்ரஸ் மரங்களை வரிசையாகப் போடுவார்கள், ‘சரூ’ என்று பெயர். முதல் உலகப் போருக்குப் பிறகு ‘நஃப்னூஃப்’ என்று ஒரு மோஸ்தர் அங்கே வந்தது. ஆரஞ்சுப் பூவைப் பார்த்துப் போட்டதாகச் சொல்கிற பூக்கொடிகள் மேலிருந்து கீழாக நீள நீளமாக இறங்கும். ஒவ்வொரு கொடிக்கும் ‘இர்க்’ என்று பெயர், கிளை. இந்தக் கிளை பிறகு வேறு வேலை செய்யப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்த்தோவிடம் ஊர்களைப் பற்றிக் கேட்டால் போதும், வாயை மூட மாட்டார். ரமல்லாக்காரிகள் கோடையில் வெள்ளை லினன், குளிருக்குக் கறுப்பு, இரண்டிலும் அடர் சிவப்பு நூல், நீண்ட பனைமரங்கள். பெத்லகேம்காரிகளுக்குப் பெருக்கல் குறியே போதாது. பட்டுக் கயிறையும் சரிகைக் கயிறையும் துணிமேல் வளைத்து வளைத்து வைத்து, மெல்லிய நூலால் பிடித்துத் தைப்பார்கள். அது ‘தஹ்ரீரி’. அங்கே கல்யாணமான பெண்கள் காசு பதித்த கூம்புத் தொப்பி ஒன்று வைப்பார்கள், ‘ஷத்வே’. பெத்லகேம் நெஞ்சுப் பேனலை மற்ற ஊர்க் கல்யாணப் பெண்கள் காசு கொடுத்து வாங்கித் தங்கள் உடையில் வைத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்து ‘பிராண்டட்’ என்றேன். பேத்தி மொழிபெயர்த்ததும் கால்த்தோ முகத்தைச் சுளித்தார். பைத் தஜனுக்கு அதெல்லாம் தேவையில்லையாம். தேவைப்பட்டது என்பதுதான் உண்மை. 1920களில் பெத்லகேமிலிருந்து அங்கே குடிவந்த ஒரு பெண்மணி வழியாக அந்த வேலை பைத் தஜனுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

தெற்கே பீர் சபா பாலைவனத்து பெதூயின் நாடோடிப் பெண்களிடம் நிறமே ஒரு அறிவிப்பு. கல்யாணமானவளுக்குச் சிவப்பு. விதவைக்கு நீலம். அவள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் நீலத்துக்கு மேலேயே சிவப்பைச் சேர்ப்பாள், பழையதைப் பிரிப்பதில்லை. இதைக் கேட்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வெள்ளைப் புடவையிலேயே முடிந்துபோன என் அப்பாவின் அத்தை ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். சரி, அதை விடுங்கள்.

எல்லா ஊரிலும் இவ்வளவு தையல் இருந்ததா என்றால் இல்லை. நாப்லுஸ் பக்கத்துக் கிராமங்களில் பூத்தையல் மிகக் குறைவு. அங்கே பெண்களுக்கு வயலில் வேலை அதிகம், ஊசி பிடிக்க நேரமில்லை என்று காரணம் சொல்கிறார்கள். கலீலியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல தையல் இருந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மோஸ்தர் மாறிப் போய்விட்டது.

டிசைன்களின் பெயர்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. ‘பாஷாவின் கூடாரம்’, சரி, கம்பீரம். ‘பெத்லகேமின் நிலா’, அழகு. அப்புறம் பாருங்கள், ‘கிழவனின் பல்’. ‘கொண்டைக்கடலையும் உலர் திராட்சையும்’. ‘சட்டியில் நாலு முட்டை’. ‘பிரம்மச்சாரியின் தலையணை’. இதற்கெல்லாம் ஆழமான குறியீட்டுப் பொருள் தேடி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஒரே வடிவத்துக்கு இரண்டு ஊர் தள்ளிப் போனால் வேறு பெயர். நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து தைக்கும்போது, ‘ஏண்டி, இது பார்க்கச் சட்டியில் முட்டை மாதிரி இல்லை?’ என்று ஒருத்தி சொல்லியிருப்பாள், மற்றவர்கள் சிரித்திருப்பார்கள், பெயர் நின்றுவிட்டது.

பழமை, தூய்மை என்று பேசுகிறவர்களுக்கு இன்னொரு தகவல். முன்பு நூல் சிரியாவிலிருந்து வந்த பட்டு. 1930களில் பிரான்சின் டிஎம்சி கம்பெனி நூல் வந்தது, சாயம் போகாத பருத்தி. நூலோடு டிசைன் புத்தகங்களும் வந்தன. அதில் ஐரோப்பிய ரோஜா, ஜோடிப் பறவை, பூச்சாடி. பாலஸ்தீனத்துப் பெண்கள் அதையும் எடுத்துக்கொண்டார்கள். ‘இது கலப்படம்’ என்று வருத்தப்படுகிற கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். எனக்கு வருத்தமில்லை. சந்தைக்கு நல்ல சரக்கு வந்தால் வாங்குவதுதான் கைகாரியின் லட்சணம். கால்த்தோ இன்றைக்கும் கடையில் நிறம் சொல்லிக் கேட்பதில்லை. டிஎம்சி எண்ணைச் சொல்லித்தான் கேட்பார். “815” என்பார். அடர் மாதுளைச் சிவப்பு. கடைக்காரர் ‘இன்று 321தான் இருக்கிறது’ என்றால் வெறுங்கையோடு திரும்பிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தன் அம்மாவின் தோப்பை எடுத்து வந்தார். பழைய தலையணை உறைக்குள் வைத்திருந்தார். என் கையில் கொடுத்துவிட்டு, “திருப்பு” என்றார்.

முதலில் முன்பக்கம். கறுப்புத் துணி. நெஞ்சில் கப்பே, சிவப்பெல்லாம் பழுத்து மாதுளைத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. தையல் கண்ணுக்கு வலி எடுக்கும் அளவுக்குப் பொடிசு. ஆனால் இடுப்புக்குக் கீழே வேறு கை, வேறு நூல், வேறு காலம். பெரிய பெருக்கல் குறிகள், பளிச்சென்ற சிவப்பு, ஆறு கொடிகள் நேராக இறங்கின. கப்பேயைச் சுற்றி ஓட்டியிருந்த தையலைப் பார்த்தாலே தெரிந்தது, அது இந்தத் துணியில் பிறந்ததில்லை.

திருப்பினேன். கப்பேக்குப் பின்னால் ஒரு முரட்டுத் துணி ஒட்டுப் போட்டிருந்தது. சாக்கு. அதில் அச்சடித்த எழுத்துகள், எந்த மொழி என்றுகூடச் சொல்ல முடியாதபடி வெளுத்துப்போய். நான் சாக்கைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். “தஹீன்” என்றார். மாவு. அகதிகளுக்கு ஐ.நா. நிவாரண அமைப்பு கொடுத்த மாவு மூட்டை. சாக்கைக்கூட வீணாக்காமல் உள்ளே லைனிங் வைப்பதும் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பதும் அன்றைக்கு முகாம்களில் சாதாரணம்.

கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். இஸ்ரேல் உருவான 1948 போரில், ஏப்ரலில் ஊர் காலியானபோது அவருக்கு ஐந்து வயது. அந்த ஆண்டு ஊர்களை இழந்தவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். அம்மா கல்யாண அங்கியை உள்ளே போட்டு, மேலே வேலைக்குப் போடும் அங்கியைப் போட்டுக்கொண்டு நடந்தாராம். அறுவடைக்கு முன்னால் திரும்பிவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். முதலில் ரமல்லா, பிறகு அம்மான் முகாம். ஐம்பதுகளில் ஒரு குளிர்காலத்தில் கல்யாண அங்கியை விற்க வேண்டி வந்தது. பழைய தோப் வாங்குகிற வியாபாரிகள் அப்போது முகாம்களைச் சுற்றி வருவார்கள். வியாபாரி விலை சொல்லி முடித்த பிறகு அம்மா கத்தரிக்கோலை எடுத்து, நெஞ்சுப் பேனலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாராம். வியாபாரி பாதி விலைதான் தந்தார். பத்து வருடம் கழித்துப் புதுத் துணி வாங்க முடிந்தபோது கப்பே மறுபடி நெஞ்சில் ஏறியது.

கீழே இறங்கிய ஆறு கொடிகள்தான் நான் ஞாபகம் வைக்கச் சொன்ன கிளைகள். அறுபதுகளில் முகாம்களிலும் மேற்குக் கரையிலும் பரவிய புது மோஸ்தர் அது, ஆறு கிளைத் தோப். முன்னால் உடையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். முகாமில் ஹெப்ரான்காரிக்குப் பக்கத்துக் கூடாரத்தில் யாஃபாக்காரி, அவளுக்குப் பக்கத்தில் காசாக்காரி. ஒருத்தி டிசைனை இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள். நூல் வாங்கக் காசில்லை, நெருக்கமாகத் தைக்க நேரமில்லை. அதனால் குறைந்த நூலில் நிறையத் தெரிகிற ஆறு கொடி. என்னைக் கேட்டால் இது வறுமை கண்டுபிடித்த டிசைன். சில அருங்காட்சியகக்காரர்கள் இதைச் சற்று இளக்காரமாகப் பார்த்ததுண்டு. எனக்கு அந்த ஒரு தோப்பில் பார்த்ததெல்லாம் போதும்: மேலே முப்பதுகளின் பைத் தஜன், நடுவில் சாக்கு, கீழே அறுபதுகளின் அம்மான். எந்த லேபிளும் இவ்வளவு தகவல் தராது.

இந்த உடைகள் அழிந்துபோகாமல் காத்தவர்களில் அம்மானிலேயே ஒருவர் இருந்தார், விதாத் கவார். பெத்லகேமில் வளர்ந்து, பல பத்தாண்டுகளாகப் பாலஸ்தீன, ஜோர்டானிய உடைகளைச் சேகரித்தவர். அந்தச் சேகரிப்புக்காக 2015இல் அம்மானில் ‘திராஸ்’ என்ற அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எதையும் திருப்ப முடியாததுதான் குறை.

எனக்கும் தைத்துப் பார்க்க ஆசை வந்தது. கறுப்புத் துணியில் நேராக எண்ணித் தைக்க இழை தெரியாது. அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ‘மார்க்கா’ என்று ஒரு கட்டம் போட்ட வலைத்துணி. அதைக் கறுப்புத் துணியின்மேல் ஒட்டுத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு, வலையின் கட்டத்தை எண்ணி இரண்டு துணியையும் சேர்த்துத் தைக்க வேண்டும். முடிந்ததும் வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டால் பூ மட்டும் கறுப்பில் நிற்கும். கேட்க எளிது. நான் பத்துப் பெருக்கல் குறி போட்டேன். கால்த்தோ கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்து, மூன்றாவதையும் ஏழாவதையும் நகத்தால் சுட்டினார். எல்லாப் பெருக்கலிலும் மேலே படுக்கும் கால் ஒரே பக்கம் சாய வேண்டும். என்னுடையதில் இரண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. வெளிச்சம் பட்டால் அந்த இரண்டு மட்டும் வேறு நிறமாக மின்னும். ஆலையில் நூற்றுக்கணக்கான பீஸ்களை ரிஜெக்ட் செய்தவனை அந்த அம்மாள் அரை நிமிடத்தில் ரிஜெக்ட் செய்துவிட்டார். இழை உருவும்போது இன்னொரு கூத்து. வலை இழை என்று நினைத்து அடித்துணி இழையைப் பிடித்து இழுத்துவிட்டேன். துணி சுருங்கிக்கொண்டு ஒரு கோடு விழுந்தது. அந்தத் துண்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

ஆலைப் புத்தி கணக்குப் போடாமல் விடாது. ஒரு கப்பே 35க்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து பெருக்கல், ஆகச் சதுர சென்டிமீட்டருக்கு 25. மொத்தம் 26,250. மூன்றில் இரண்டு பங்கு இடத்தில்தான் தையல் என்றாலும் 17,500. கால்த்தோ வேகத்தை என் செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு ஐந்து. 58 மணி நேரம் வருகிறது. நெஞ்சுப் பேனல் மட்டும். பிறகு பக்கங்கள், கை, பின்புறம். என் ஆலையில் ஒரு டீ-ஷர்ட்டுக்கு நாங்கள் சண்டை போட்டது விநாடிக் கணக்கில்.

கூலிக்குத் தைப்பது புதிதில்லை. 1948க்குப் பிறகு முகாம்களில் இது பிழைப்பாகவே மாறியது. 1965இல் ரமல்லாவை ஒட்டிய அல்-பிரேயில் சமீஹா கலீல் தொடங்கிய இன்ஆஷ் அல்-உஸ்ரா சங்கம், லெபனான் முகாம்களில் 1969இல் தொடங்கிய இன்னொரு இன்ஆஷ் என்று பல அமைப்புகள் பெண்களுக்குத் துணியும் நூலும் கொடுத்து, தைத்ததற்குக் கூலி கொடுத்தன. இந்தச் சமீஹா கலீல் லேசுப்பட்ட ஆளில்லை. 1996இல் பாலஸ்தீன அதிபர் தேர்தலில் யாசர் அராஃபத்தை எதிர்த்து நின்ற ஒரே வேட்பாளர் அவர்தான். தோற்றார், அது வேறு. கால்த்தோவும் இருபது வருடம் பீஸ் ரேட்டுக்குத் தலையணை உறை தைத்தவர்தான். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் பெருமையாக எதுவும் சொல்ல மாட்டார். “விரல் வலிக்கும். நிறத்தை அவர்கள் தீர்மானிப்பார்கள்” என்பார், அவ்வளவுதான். தத்ரீஸைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்தக் கூலிக் கணக்கைத் தொடாமல் தாண்டிப் போவதைக் கவனித்திருக்கிறேன்.

1987இல் முதல் இன்திஃபாதா, இஸ்ரேலிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பாலஸ்தீன மக்கள் எழுச்சி. ஆக்கிரமிப்புப் பகுதிகளில் பாலஸ்தீனக் கொடியைப் பொது இடத்தில் காட்டினால் சிறை என்றிருந்த காலம். பெண்கள் கொடியை உடையில் தைத்தார்கள். சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை, ஜெருசலேமின் பாறைக் குவிமாடம், தேசத்தின் வரைபடம், எல்லாம் பெருக்கல் குறியில். கொடியைப் பிடுங்கலாம். போட்டிருக்கிற உடையைத் தெருவில் வைத்து எப்படிப் பிடுங்குவது? கால்த்தோவின் நாத்தனார் ஒருத்தர் ரமல்லாவில் அப்படி ஒன்று தைத்தாராம். அழகே இல்லை என்றார் கால்த்தோ, ‘அவசரத் தையல், உள்ளே எல்லாம் முடிச்சு.’ பேத்தி இதை மொழிபெயர்க்கும்போது தலையில் அடித்துக்கொண்டாள்.

2019 ஜனவரியில் பாலஸ்தீன வம்சாவளி ரஷீதா தலைப் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தோப் உடுத்திப் பதவியேற்ற அன்று கட்டடமே அமர்க்களப்பட்டது. பேத்தி செல்போனை நீட்டினாள். கால்த்தோ படத்தை விரலால் பெரிதாக்கிக் கைப்பகுதியையும் நெஞ்சையும் வெகுநேரம் பார்த்தார். முகத்தைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. அந்த வருடக் கடைசியில் நான் ஊருக்குத் திரும்பினேன். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ பாலஸ்தீனப் பூத்தையலைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பேத்தி செய்தியை அனுப்பினாள். கால்த்தோ என்ன சொன்னார் என்று கேட்டேன். நூல் விலை குறையுமா என்று கேட்டாராம்.

2023 அக்டோபரில் காசாப் போர் தொடங்கிய பிறகு பல மாதங்கள் நான் எதுவும் கேட்கவில்லை. கால்த்தோவின் தங்கை குடும்பம் காசாவில் என்று மட்டும் தெரியும். அந்தக் காசாவுக்கு ஒரு தறிக் கதை உண்டு. கடற்கரையோரம் அல்-மஜ்தல் என்ற ஊரில் சில நூறு தறிகள் இருந்தன. தெற்குப் பாலஸ்தீனத்துக் கிராமங்களுக்கு அங்கிருந்துதான் துணி. நீலக்கறுப்புத் துணியின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் பட்டையாக ஓடினால் அதன் பெயர் ‘ஜன்னே வ நார்’, சொர்க்கமும் நெருப்பும். இன்னொரு ரகம் ‘அபு மித்தேன்’, இருநூறின் அப்பா. நெசவாளிகள் 1948இலும், மிஞ்சியவர்கள் 1950இலும் காசாவுக்குள் தள்ளப்பட்டார்கள், தறி அங்கே ஓடியது. அல்-மஜ்தல் இப்போது இஸ்ரேலின் அஷ்கெலான். ரஃபாவில் பழைய தோப்களை வைத்திருந்த ஒரு சிறிய அருங்காட்சியகமும் 2023 குண்டுவீச்சில் போய்விட்டது. தங்கை குடும்பத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. போன வருடம் திருப்பூரில் எங்கள் யூனிட்டுக்கு ஒரு சாம்பிள் ஆர்டர் வந்தது. பெண்களுக்கான காட்டன் டாப், நெஞ்சில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி. ஆர்ட்வொர்க்கில் ‘எத்னிக் மோட்டிஃப்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். எந்த ஊர், யாருடையது, ஒன்றும் இல்லை. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, சரூ. பைத் தஜன் ஓரத்து மரங்கள். ஆனால் வரிசையில் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாக இருந்தது. கம்ப்யூட்டரில் எவனோ தப்பாகத் திருப்பிவிட்டான் என்று நினைத்தேன். மெர்ச்சன்டைசருக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன், இது பாலஸ்தீனத்து டிசைன், மரம் தலைகீழாக நிற்காது என்று. அவர்கள் ‘பையர் அப்ரூவ்டு, ப்ரொசீட்’ என்று ஒரே வரியில் பதில் போட்டார்கள். கோபத்தில் படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன்.

மறுநாள் கால்த்தோவின் குரலே வந்தது. இருமல் அதிகமாகியிருந்தது. சரூவை நேராகவும் தலைகீழாகவும் மாற்றி மாற்றிப் போடுவது உண்டாம், அப்போதுதான் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துமாம், அவருடைய அத்தையின் அங்கியில் அப்படித்தானாம். மூன்று வருடம் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று ஒரு திட்டு. பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை, ரேடியோ மட்டும் கேட்டது.

“மரமெல்லாம் சரிதான், யா இப்னி. திருப்பி ஒரு படம் எடுத்து அனுப்பு.”

சாம்பிளைத் திருப்பினேன். உள்ளே வெள்ளைப் பாபின் நூல், அதன்மேல் எம்பிராய்டரி பேப்பர் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. நகத்தால் ஒரு ஓரத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தேன்.